இனப்பெருக்க நல ஆராய்ச்சியாளர் ஆவது: முதல் ஐந்து ஆண்டுகளின் கணக்கு

கர்ப்பிணிகளைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடரும் ஓர் ஆய்வுக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். நெறிமுறைக் குழுவின் அனுமதி, படிவங்கள், களப்பணியாளர் பயிற்சி ஆகியவற்றுக்கு 6 மாதம். வேண்டிய எண்ணிக்கையில் பெண்களைச் சேர்க்க 18 மாதம். 12ஆவது வாரத்தில் சேர்ந்த கடைசிப் பெண்ணுக்குப் பிரசவமாக இன்னும் 6, 7 மாதம். பிறகு 6 வாரம் கழித்து ஒரு பரிசோதனை. ரத்த மாதிரிகளைச் சோதித்து, தரவைச் சரிபார்க்க 6 மாதம். எழுதி, சக மதிப்பாய்வு முடிந்து வெளிவர மேலும் 6 மாதமாவது ஆகும். கூட்டினால் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். இளம் ஆராய்ச்சியாளர்களுக்கான பயிற்சி நல்கைகளோ (ஆராய்ச்சிக்கான நிதியுதவி) பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் முடிந்துவிடுகின்றன. எவ்வளவு நிதி வந்தாலும் கர்ப்பகாலத்தைச் சுருக்க முடியாது. தொடக்கத்தில் ஆறு மாதம் வீணானால், வெளியான கட்டுரை ஒன்றுகூட இல்லாமல் அடுத்த நல்கைக்கு விண்ணப்பிக்கும் நிலை வந்துவிடும்.

பெண்களின் இனப்பெருக்க நலத்தில் ஆராய்ச்சிப் பணியைத் தொடங்குபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்தக் கால நெருக்கடியைத்தான். மருத்துவர், செவிலியர், மருத்துவச்சி, உயிரியலாளர், கருவியலாளர், நோய்ப்பரவலியலாளர், புள்ளியியலாளர் என எந்த வாசல் வழியாக வந்தாலும் இதில் வேறுபாடு இல்லை.

இதைச் சமாளிக்க நடைமுறையில் கைகொடுப்பது, இரண்டு வேகத்தில் ஓடும் இரு வேலைகளை ஒரே கேள்வியின் கீழ் வைத்துக்கொள்வது. ஒன்று, ஏற்கெனவே சேர்ந்திருக்கும் தரவு: பிறப்புப் பதிவேடு, மருத்துவமனைப் பிரசவப் பதிவுகள், முன்பு நடந்த சோதனைகளின் சேமிப்பு மாதிரிகள். இதிலிருந்து 12 முதல் 18 மாதத்துக்குள் ஒரு கட்டுரை வந்துவிடலாம். மற்றொன்று, தானே புதிதாகச் சேகரிக்கும் தரவு. பழைய தரவைக் கையாளும்போதே எந்தத் தகவல் விடுபட்டிருக்கிறது, எது தவறாகப் பதிவாகிறது என்பதெல்லாம் தெரியவரும். புதிய ஆய்வின் படிவங்களை அந்த அறிவோடு வடிவமைக்கலாம். இரண்டும் தொடர்பற்ற தலைப்புகளாக இருந்தால் இந்தப் பயன் போய்விடும். நல்கை விண்ணப்பத்தின் மதிப்பீட்டாளர்களுக்கும் இந்த ஆராய்ச்சியாளர் எதை நோக்கிப் போகிறார் என்பது புலப்படாது.

கேள்வியைக் குறுக்குவது

"பிசிஓஎஸ் (பலநுண்பைச் சினைப்பை நோய்க்குறி) பற்றி ஆராய வேண்டும்" என்பது ஆர்வம். ஆய்வுக் கேள்வி ஆக அதற்கு இன்னும் தூரம் இருக்கிறது. எந்தப் பெண்களில், எதனோடு ஒப்பிட்டு, எந்த விளைவை, எப்போது அளக்கப் போகிறோம் என்ற நான்கும் ஒரே வாக்கியத்தில் அடங்கும்வரை கேள்வியைச் செதுக்க வேண்டும். அதற்கும் முன்னால், யாருக்கு இந்த நோய் இருக்கிறது என்ற வரையறை இருக்கிறது. இத்துறையில் அதுவே நகர்ந்துகொண்டிருக்கிறது.

2003இல் உருவான ராட்டர்டாம் அளவுகோல்படி, ஒழுங்கற்ற சினைமுட்டை வெளியேற்றம், ஆண்தன்மை ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் பலநுண்பைச் சினைப்பை என்ற மூன்றில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ். சினைப்பையில் 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவில் 12 நுண்பைகள் இருந்தாலே போதும் என்று அப்போது வைத்திருந்தார்கள். ஸ்கேன் கருவிகள் கூர்மையடைந்ததும், நலமான இளம்பெண்கள் பலருக்கும் 12ஐ விட அதிகமாகத் தெரிந்தது. 2018இன் சர்வதேச வழிகாட்டுதல் வரம்பை 20 ஆக உயர்த்தியது. 2023இன் திருத்தம், வயதுவந்த பெண்களில் ஸ்கேனுக்கு மாற்றாக, சினைப்பை நுண்பைகள் சுரக்கும் ஏஎம்ஹெச் ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனையையும் ஏற்றது. ஆக, ஒரே பெண் 2005இல் நடந்த ஆய்வில் நோயாளியாகவும் 2020இல் நடந்த ஆய்வில் நலமானவராகவும் எண்ணப்பட்டிருக்கலாம்.

இதற்குப் பாதுகாப்பு மிக எளியது, ஆனால் அடிக்கடி கைவிடப்படுவது. படிவத்தில் "பிசிஓஎஸ்: ஆம் / இல்லை" என்று ஒரு கட்டம் மட்டும் வைக்காதீர்கள். கடைசி ஆறு சுழற்சிகளின் நாள் கணக்கு, டெஸ்டோஸ்டிரோன் அளவும் அதை அளந்த முறையும், ஒவ்வொரு சினைப்பையிலும் எண்ணிய நுண்பைகள், பயன்படுத்திய ஸ்கேன் ஆய்வியின் அதிர்வெண் ஆகியவற்றைத் தனித்தனி எண்களாகப் பதியுங்கள். நாளை வரையறை மாறினால் அதே தரவை மீண்டும் வகைப்படுத்திக்கொள்ளலாம். ஐந்தாண்டு உழைப்பு காலாவதியாகாமல் காப்பது இந்தக் கூடுதல் கட்டங்கள்தாம்.

உடலின் கடிகாரம்

மற்ற துறைகளிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். கருப்பையின் உட்சவ்வு ஒவ்வொரு நாளும் வேறொரு திசுவாக மாறிக்கொண்டே இருக்கிறது. மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி "21ஆம் நாள் மாதிரி" என்று எடுத்தால், சீக்கிரமே முட்டை வெளியேறிய பெண்ணுக்கு அது பின்கட்டத்தின் (முட்டை வெளியேறியதிலிருந்து அடுத்த மாதவிடாய் வரையிலான காலம்) நடுப்பகுதி. தாமதமாக வெளியேறியவருக்கு அதன் தொடக்கம். சுழற்சியின் முதல் பாதிதான் பெண்ணுக்குப் பெண், மாதத்துக்கு மாதம் அதிகம் நீண்டு குறுகுகிறது. இரு குழுக்களையும் நாள் எண்ணை வைத்து ஒப்பிட்டு "நூற்றுக்கணக்கான மரபணுக்கள் வேறுபடுகின்றன" என்று அறிவித்தால், அளந்தது நோயின் வேறுபாட்டையா, நாளின் வேறுபாட்டையா என்று பிரித்தறிய வழியில்லை.

அதனால் முட்டை வெளியேறுவதைத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோனின் எழுச்சியை வீட்டிலேயே சிறுநீர்ப் பட்டையால் கண்டறியச் செய்து, அதிலிருந்து 7ஆம் நாள் மாதிரி எடுப்பது வழக்கம். அன்றே ரத்தத்தில் புரொஜெஸ்டிரோனை அளந்து, மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளியேறியதை உறுதிசெய்துகொள்ளலாம். முந்தைய மூன்று மாதங்களில் கருத்தடை மாத்திரையோ வேறு ஹார்மோனோ எடுத்தாரா என்று நேரடியாகக் கேட்டுப் பதிய வேண்டும். "மருந்து ஏதும் உண்டா" என்று பொதுவாகக் கேட்டால் கருத்தடை மாத்திரையை மருந்தாகவே கருதாமல் "இல்லை" என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. எடுத்த திசுவை அங்கேயே பிரித்து ஒரு பங்கை ஃபார்மலினிலும், ஒரு பங்கை, மரபணுச் செயல்பாட்டைக் காட்டும் மூலக்கூறான ஆர்என்ஏ சிதையாமல் காக்கும் கரைசலிலும் போட்டு, மீதியை மைனஸ் 80 டிகிரியில் உறையவைக்க வேண்டும். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) ஆய்வுகளுக்கு 2014இல் வெளியான 'எபெக்ட்' என்ற சர்வதேசப் பொதுநெறிமுறை, எந்தக் கேள்விகளைக் கேட்பது, மாதிரியை எப்படிச் சேமிப்பது என்பதை வரையறுத்துத் தந்திருக்கிறது. சொந்தப் படிவம் எழுதும் முன் இத்தகைய பொதுநெறிமுறையைப் பின்பற்றுவது நல்லது. பின்னால் பிற நாட்டு மாதிரிகளோடு சேர்த்துப் பகுப்பாய்வு செய்ய அதுவே கதவு திறக்கும்.

நஞ்சுக்கொடி ஆய்வில் கடிகாரம் நிமிடங்களில் ஓடுகிறது. பிரசவம் முடிந்ததிலிருந்து திசுவை உறையவைக்கும்வரை ஆன நேரத்தைக் குறிக்காத மாதிரி, ஆர்என்ஏ ஆய்வுக்கு அரைகுறைப் பயனே தரும். 30 நிமிடங்களுக்குள் முடிக்கும்படி பல நெறிமுறைகள் கேட்கின்றன. நள்ளிரவுப் பிரசவங்களுக்கு ஆள் இல்லையென்றால், திட்டமிட்ட அறுவைப் பிரசவங்களின் மாதிரிகள் மட்டுமே குவியும். பிரசவ வலி கண்ட நஞ்சுக்கொடியும் வலி காணாததும் மரபணுச் செயல்பாட்டில் வேறுபடுவதால், அந்தக் குவியலை வைத்துச் சொல்லும் முடிவு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். ஒரே இடத்தில் வெட்டி எடுப்பதும் போதாது. குறைந்தது நான்கு இடங்களிலிருந்து எடுத்து, தாயின் ரத்தத்தைக் கழுவி நீக்கி, குழந்தையின் பாலினத்தையும் பதிந்துவைக்க வேண்டும்.

ஆய்வக விலங்குகளிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. சுண்டெலிக்கு 4, 5 நாள் சுழற்சி உண்டு, மாதவிடாய் இல்லை. கருவுற்ற சுண்டெலியில் புரொஜெஸ்டிரோன் வீழ்ந்தபின் பிரசவம் தொடங்குகிறது. பெண்ணின் ரத்தத்தில் அப்படி ஒரு வீழ்ச்சி நிகழ்வதில்லை. எனவே சுண்டெலியில் குறைப்பிரசவத்தைத் தடுத்த மருந்து மனிதரில் பயனளிக்காமல் போனால் வியக்க ஒன்றுமில்லை. மாதவிடாய் வரும் முள்சுண்டெலி (spiny mouse) இனம் ஒன்று அண்மைக் காலத்தில் அடையாளம் காணப்பட்டது. 2017இல் கருப்பை உட்சவ்விலிருந்தும், 2018இல் நஞ்சுக்கொடி உயிரணுக்களிலிருந்தும் ஆர்கனாய்டுகள் (உறுப்பின் அமைப்பை ஒத்த நுண்திசு உருண்டைகள்) ஆய்வகத்தில் வளர்க்கப்பட்டன. ஆய்வகத்தைப் புதிதாக அமைப்பவர், தன் கேள்விக்கு எந்த விலங்கோ ஆர்கனாய்டோ உயிரியல்ரீதியாகப் பொருந்தும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, கருவிகளைப் பிறகு வாங்கட்டும்.

எத்தனை பேரில் எத்தனை

காலம் தவறுவதற்கு அடுத்தபடியாக ஆய்வுகளைக் கெடுப்பது, எண்ணிக்கையின் அடித்தளம். செயற்கைக் கருத்தரிப்பு ஆய்வுகளில் இது மிகத் தெளிவாகத் தெரியும். ஒரு பெண்ணுக்கு மூன்று சுழற்சி, ஒவ்வொன்றிலும் சில கருக்கள் என்று வைத்து, ஒவ்வொரு கருவையும் தனி நபர்போல எண்ணினால், மாதிரி எண்ணிக்கை பொய்யாக வீங்கும். ஒரே பெண்ணின் கருக்கள் ஒன்றையொன்று சாராதவை அல்ல. கரு பதித்த பெண்களை மட்டும் எண்ணினால், கருவே உருவாகாமல் வெளியேறியவர்கள் கணக்கிலிருந்து மறைந்துவிடுவார்கள். 2014இல் வெளியான, நிபுணர்கள் ஒருமித்து எழுதிய ஹார்பின் ஒப்பறிக்கை, குழந்தைப்பேற்றுச் சிகிச்சைச் சோதனைகளில் உயிருடன் குழந்தை பிறப்பதையே முதன்மை விளைவாக வைக்க வலியுறுத்தியது. குலுக்கல் முறையில் ஏதேனும் ஒரு சிகிச்சைக் குழுவில் சேர்க்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணும் கணக்கில் இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஒருமுறைதான் எண்ணப்பட வேண்டும்.

அதை ஏற்றால் எண்ணிக்கை கூடும். 5 விழுக்காடு முக்கியத்துவ மட்டம் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு), 80 விழுக்காடு ஆற்றல் (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டறியும் வாய்ப்பு) என்ற வழக்கமான அளவுகளில், குழந்தைப்பேற்றை 30 விழுக்காட்டிலிருந்து 40 ஆக உயர்த்தும் சிகிச்சையைக் கண்டறிய ஒவ்வொரு குழுவுக்கும் ஏறத்தாழ 355 பெண்கள் வேண்டும். 30இலிருந்து 35 ஆக மட்டும் உயரும் என்றால் குழுவுக்கு ஏறத்தாழ 1,375 பேர். எதிர்பார்க்கும் வித்தியாசம் பாதியானால் எண்ணிக்கை நான்கு மடங்காகிறது. ஆண்டுக்கு 150 பெண்கள் சேரும் ஒரு மையத்தில் முதல் சோதனைக்கே ஏறத்தாழ ஐந்தாண்டு பிடிக்கும். இரண்டாவதற்கு 18 ஆண்டுக்கு மேல். தனி மையத்தில் இதை நடத்த முடியாது என்று இந்தக் கணக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறது. அதைக் கேளாமல், 60 பெண்களில் சோதனை நடத்தி "வித்தியாசம் இல்லை" என்று வெளியிடும் கட்டுரைகள் எந்தப் பெண்ணுக்கும் உதவுவதில்லை. பங்கேற்றவர்களின் நேரமும் நம்பிக்கையும் வீணாவதுதான் மிச்சம்.

கருச்சிதைவு ஆய்வில் பிழை இன்னும் நுட்பமானது. ஆலன் வில்காக்ஸ் குழுவினர் தினசரி சிறுநீர் மாதிரிகளைச் சோதித்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், கருத்தரிப்புகளில் 31 விழுக்காடு இழப்பில் முடிந்தன. 22 விழுக்காடு கர்ப்பம் என்று மருத்துவரீதியாகத் தெரியவரும் முன்பே முடிந்துவிட்டன. மருத்துவமனைக்கு 10ஆவது வாரத்தில் முதன்முதலாக வரும் பெண், அதுவரையிலான ஆபத்தைத் தாண்டி வந்தவர். அவரை 5ஆவது வாரத்திலேயே சேர்ந்தவரோடு ஒரே தராசில் வைத்தால், தாமதமாகப் பதிவு செய்வதே கருவைக் காப்பதுபோலத் தோன்றிவிடும். ஒவ்வொருவரையும் அவர் ஆய்வில் நுழைந்த வாரத்திலிருந்து மட்டுமே கணக்கில் சேர்க்கும் பகுப்பாய்வு முறையே இதற்கு மருந்து. புள்ளியியலாளரை முதல் வரைவிலேயே கூட்டாளியாகச் சேர்க்கச் சொல்வது இதனால்தான். சேர்ந்த வாரத்தைப் படிவம் கேட்கவில்லையென்றால் தரவு வந்தபிறகு எவராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

கர்ப்ப வாரமே சரியாகக் கணிக்கப்பட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். முதல் மூன்று மாதத்தில் கருவின் நீளத்தை அளந்து கணிக்கும் வாரம் 5 முதல் 7 நாள் பிழைக்குள் நிற்கும்; 28 வாரத்துக்குப் பிறகு எடுத்த முதல் ஸ்கேனில் பிழை 21 நாள்வரை போகலாம். 37 வாரத்துக்கு முன் என்ற குறைப்பிரசவ வரம்பு, மூன்று வாரப் பிழைக்குள் எளிதில் கரைந்துவிடும்.

வழிகாட்டி, நேரம், நல்கை

மகப்பேறு மருத்துவர்கள் ஆராய்ச்சியைக் கைவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இரவுப்பணியும் அறுவை அரங்கும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் இதற்காகவே 1998இல் மகப்பேறு மருத்துவர்களுக்கென்று இனப்பெருக்க நல ஆராய்ச்சிப் பணி வளர்ச்சித் திட்டத்தையும், 2000இல் பல துறையினரையும் சேர்த்துப் பெண்கள் நல ஆராய்ச்சித் திட்டத்தையும் தொடங்கியது. இத்தகைய நல்கைகளின் மையமான நிபந்தனை, வேலைநேரத்தில் 75 விழுக்காடு ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கப்பட வேண்டும் என்பது. பணியாணையில் இது எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது. வாரத்தில் எந்த நாட்கள், அந்த நாட்களில் அவசர அழைப்புக்கு யார் பொறுப்பு, விடுப்பில் இருப்பவரின் புறநோயாளிகளை யார் பார்ப்பார் என்பதெல்லாம் துறைத்தலைவரின் கையொப்பத்தோடு பணி அட்டவணையில் இருக்க வேண்டும். அப்படி இல்லாத 75 விழுக்காடு சில மாதங்களிலேயே பாதியாகிவிடும்.

ஒரே வழிகாட்டியிடம் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பது இருவருக்குமே சுமை. நோயை அறிந்தவர் ஒருவர், முறையியலை அறிந்தவர் ஒருவர், நிறுவன நடைமுறைகளை அறிந்து அடுத்த பதவிக்குப் பேசக்கூடியவர் ஒருவர் என்று மூவரைத் தேடிக்கொள்வது நலம். சேரும் முன் கேட்க வேண்டியவை: முன்பு அவரிடம் பயின்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? அவர்கள் முதல் ஆசிரியராக எத்தனை கட்டுரைகள் எழுதினார்கள்? நான் வெளியேறும்போது என் தரவும் மாதிரிகளும் என்னோடு வருமா? கடைசிக் கேள்வி சங்கடமானதுதான். ஆனாலும் தொடக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளாத உடன்பாடு, பிரியும் நேரத்தில் பகையாக முடிகிறது.

விண்ணப்பத்தில் அடிக்கடி காணும் கட்டமைப்புப் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் நோக்கத்தில் ஓர் உயிர்க்குறியை (நோயைக் காட்டும், உடலில் அளக்கக்கூடிய அடையாளம்) கண்டுபிடிப்பது, இரண்டாவதில் அதைச் சரிபார்ப்பது, மூன்றாவதில் அதை வைத்துச் சிகிச்சை செய்வது என்று எழுதுவார்கள். முதலாவது தோற்றால் மற்ற இரண்டும் விழுந்துவிடும். மதிப்பீட்டாளர் இதை முதல் வாசிப்பிலேயே பிடித்துவிடுவார். ஒன்று பொய்த்தாலும் மற்றது நிற்கும்படி நோக்கங்களைப் பிரியுங்கள். சேர்க்கை வேகத்துக்கும் ஊகம் வேண்டாம். தகுதியுள்ள பெண்கள் மாதத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று மூன்று மாதம் பதிவேட்டில் எண்ணி, அணுகியவர்களில் எத்தனை பேர் சம்மதித்தார்கள் என்ற முன்னோட்ட எண்ணையும் சேர்த்தால் விண்ணப்பத்தின் நம்பகம் வெகுவாக உயரும்.

பெண்ணின் சம்மதம்

கர்ப்பிணிகள் எடுத்த தாலிடோமைடு மருந்தால் குழந்தைகள் கடும் உடற்குறைகளோடு பிறந்த பேரழிவுக்குப் பின் எழுந்த அச்சத்தில், 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கருத்தரிக்கக்கூடிய பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கியது. 1993இல்தான் அது திரும்பப் பெறப்பட்டது. விலக்குவதும் ஆபத்தே. சோதனையில் இல்லாத கர்ப்பிணி, சோதிக்கப்படாத மருந்தைச் சிகிச்சையில் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். எச்ஐவி மருந்தான டோலுடெக்ராவிர் இதற்குச் சான்று. 2018இல் போட்ஸ்வானாவின் பிறப்புக் கண்காணிப்பில், கருத்தரிக்கும்போதே இதை எடுத்துக்கொண்டிருந்த தாய்மாரின் 426 குழந்தைகளில் 4 பேருக்கு நரம்புக்குழல் குறைபாடு (மூளை, தண்டுவடத்தின் பிறவிக் குறை) தெரிந்தது. பல இடங்களில் பெண்களுக்கு மருந்து மறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே எண்ணிக்கை 1,683இல் 5 ஆனது. தரவு பெருகப் பெருக வித்தியாசம் மங்கியது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதை எல்லாருக்கும் முதன்மை மருந்தாகப் பரிந்துரைத்தது. கர்ப்பத்தின் காரணமாக மட்டுமே ஒரு பெண்ணைப் பலவீனமானவராகக் கருதக்கூடாது என்று 2016இன் சர்வதேச நெறிமுறை வழிகாட்டுதல்கள் தெளிவாகவே கூறுகின்றன.

அன்றாடத்தில் நெறிமுறை என்பது சிறு காரியங்களில் இருக்கிறது. பிரசவ வலியின் உச்சத்தில் பத்துப் பக்கப் படிவத்தை நீட்டிப் பெறும் கையொப்பம் சம்மதம் ஆகாது. கர்ப்பகாலப் பரிசோதனைகளின்போதே விளக்கி, பிரசவ அறையில் மீண்டும் ஒருமுறை கேட்பது சரியான வழி. பின்தொடர் அழைப்புக்கு முன் பிரசவப் பதிவேட்டைப் பார்க்காமல், குழந்தையை இழந்த தாயிடம் "குழந்தை எப்படி இருக்கிறது" என்று கேட்டுவிட்டால், அந்தப் புண்ணுக்கு எந்த மன்னிப்பும் ஈடாகாது. வேறொருவர் கைப்பேசியை எடுத்தால் ஆய்வின் பெயரைச் சொல்லக்கூடாது என்று அழைப்பவருக்கு எழுத்திலேயே தர வேண்டும். கருச்சிதைவோ கருத்தடையோ வீட்டாருக்குத் தெரியாமல் இருக்கலாம். தரவைப் பகிரும்போது ஐந்துக்கும் குறைவான பேர் உள்ள அட்டவணைக் கட்டங்களை மறைப்பதும் இதே அக்கறையைச் சேர்ந்தது.

முடிவு வெளியானபின்

1972இல் லிக்கின்ஸும் ஹோவியும் நியூசிலாந்தில் நடத்திய சோதனை, குறைப்பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் மூச்சுத்திணறல் குறையும் என்று காட்டியது. அமெரிக்காவில் அதைப் பரவலாகப் பரிந்துரைக்கும் ஒப்பறிக்கை வந்தது 1994இல். இடைப்பட்ட 22 ஆண்டுகளில் சான்றுகள் சிதறிக் கிடந்தன. சிறு சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதுதான் தயக்கம் விலகியது. தொகுப்பாய்வு முறையை ஆரம்பத்திலேயே கற்றுக்கொள்வது இதனால் பயனுள்ளது. தன் கேள்விக்கு ஏற்கெனவே விடை இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

மாறாக, 2002இல் அமெரிக்காவின் பெண்கள் நல முன்முயற்சி ஆய்வு வெளியானதும் மாதவிடாய் நின்றபின் தரும் ஹார்மோன் சிகிச்சை சட்டென்று சரிந்தது. மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு கூடுவதாகச் செய்தி பரவியது. 10,000 பெண்களை ஓராண்டு பின்தொடர்ந்தால் 30 பேருக்கு வருவது 38 ஆகிறது என்பதும், பங்கேற்றவர்களின் சராசரி வயது 63 என்பதும் பின்னுக்குப் போயின. 50 வயதில் உடல் வெப்பத்தாலும் உறக்கமின்மையாலும் தவித்த பல பெண்கள் பொருத்தமான சிகிச்சையின்றி விடப்பட்டார்கள். முடிவை எழுதும்போது ஒப்பீட்டு விழுக்காட்டோடு முழு எண்ணையும் சுருக்கத்திலேயே தருவது ஆராய்ச்சியாளரின் கடமை.

பெரிய விடைகள் பெரிய கூட்டணிகளிலிருந்தே வந்திருக்கின்றன. ப்ரீ-எக்லாம்ப்சியாவில் (கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஆபத்தாக உயரும் நோய்) மக்னீசியம் சல்பேட் வலிப்பு அபாயத்தைப் பாதியாகக் குறைக்கும் என்று 2002இல் காட்டிய மேக்பை சோதனையில் 33 நாடுகளின் 10,141 பெண்கள் பங்கேற்றார்கள். பிரசவ ரத்தப்போக்குக்கு டிரனெக்சாமிக் அமிலத்தைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில் 21 நாடுகளின் 20,060 பெண்கள். இத்தகைய சோதனையில் ஒரு மையத்தின் பொறுப்பாளராகச் சேர்வது இளையவருக்கு நல்ல பள்ளி: மருந்துப் பதிவு, பக்கவிளைவு அறிவிப்பு, தணிக்கை எல்லாம் அங்கே கைக்குப் பழகும். ஆனால் நூறு பெயர்களில் ஒருவராக வரும் கட்டுரை, பதவி உயர்வில் பெரிதாக எண்ணப்படாது. அதனால் உள்ளிணைந்த துணை ஆய்வு ஒன்றைத் தொடக்கத்திலேயே முன்மொழிந்து, அதன் முதல் ஆசிரியர் உரிமையை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

நீண்டகாலம் பின்தொடர்வதற்காகப் பெண்களின் சொந்த ஆய்வுக் குழுவைச் சேர்ப்பவர்கள் ஒப்புதல் படிவத்தில் மேலும் இரண்டு வரிகளைச் சேர்த்துவிடட்டும்: பிற்காலத்தில் மீண்டும் தொடர்புகொள்ளலாமா, எஞ்சிய மாதிரியை வேறு ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா. ப்ரீ-எக்லாம்ப்சியா கண்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் அபாயம் ஏறத்தாழ இருமடங்கு. இன்று 28 வயதில் சேரும் பெண்ணின் மிக முக்கியமான விளைவு அவருடைய 50களில்தான் தெரியப்போகிறது. அந்தச் சம்மதத்தோடு, வீடு மாறினாலும் தொடர்பில் இருக்கக்கூடிய உறவினர் ஒருவரின் எண்ணையும் பெண்ணின் அனுமதியோடு வாங்கி, ஆண்டுக்கொரு முறை சரிபார்த்து வந்தால், ஐந்தாண்டு நல்கையில் தொடங்கிய குழு இருபது ஆண்டுகளுக்குக் கேள்விகளைத் தாங்கும்.